தக்கலை மூன்று, இரணியல் நான்கு

நாகர்கோவிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "தக்கலை தக்கலை தக்கலை" என்று ஒரு கண்டக்டர் கூப்பிடுவார். தகிட தகிட தகிட. பக்கத்து வண்டியில் "இரணியல் இரணியல்" என்பார் இன்னொருவர். தகதிமி தகதிமி. பாட்டு எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ணச் சொல்வேன். த, க, லை: மூன்று. இ, ர, ணி, ய: நான்கு. அஞ்சுகிராமம் ஐந்து, "அஞ்சு" என்று இரண்டு, "கிராமம்" என்று மூன்று, தக தகிட. மணவாளக்குறிச்சி ஏழு, மணவா, ளக்குறிச்சி என்று பிரித்துத் தட்டினால் தகிட தகதிமி அச்சாக விழும்.

மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்ற இந்த எண்ணிக்கைகளைத் திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம் என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுடைய தாள நடைகளில் நான்கு நம்ம ஊர் பஸ் போர்டிலேயே இருக்கின்றன. ஒன்பதாகிய சங்கீர்ணத்துக்கு மட்டும் ஊர் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கன்னியாகுமரியே ஆறில் நின்றுவிட்டது என்பதில் ஒருத்திக்கு ரொம்ப வருத்தம்.

நான் பாட்டு டீச்சர் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா வில்லிசைக் குழுவில் குடம் வாசித்தார். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் அவர் வீட்டில் தங்கும் ராத்திரி குறைவு. சின்ன வயதில் நானும் கூடப் போய் மேடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருப்பேன். வில்லில் கட்டின மணியும் உடுக்கையும் குடமும் தூக்கத்துக்குள்ளேயே வந்து போகும். அந்தப் பழக்கத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்கு மெஷினை மூடி வைத்துவிட்டு, ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்கும் எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுக் கட்டுகிறோம். நாலு வருஷம் ஆகிறது. காசு வாங்குவதில்லை. ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில். அழிரப்பர் கூடாது. அடித்த வரியும் நோட்டில் இருக்க வேண்டும். நாலு நாள் கழித்து அதுதான் நல்ல வரி என்று தெரியவரும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் நம்புவது ஒன்றுதான். பிள்ளையின் முதல் பாட்டு அதன் வாய்ப்பேச்சிலிருந்து வர வேண்டும். முதலில் சொல்லணும், அப்புறம் தட்டணும், அதற்கப்புறம்தான் நீட்டணும். மெட்டு கடைசியில் வரும், வராமலும் போகாது.

"பாட்டு எழுது" என்று சும்மா விட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பாட்டைத்தான் எழுதும். நிலா, அம்மா, மரம் வளர்ப்போம், தமிழ் வாழ்க. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வரிகளைப் பாடும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் நடக்காது. அதனால் நான் கேட்பது வேறு. இன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சத்தம் கேட்டாய், வரிசையாகச் சொல்லு. ஒருத்தி சொன்னாள்: பள்ளிவாசல் பாங்கு, மீன்காரர் ஹாரன், ஓட்டின் மேல் அயனிப்பழம் விழுந்தது, அம்மை தம்பியை ஏசினது. அதிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கு எழுதினதைப் பார்த்தால் தெரியும், பசுவும் கன்றும் போல பிள்ளை கண்ணால் பார்க்கும் பொருளில்தான் பாட்டைத் தொடங்குவார். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்.

நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கொடைக்கு வில்லுப்பாட்டு, டிசம்பர் வந்தால் வீடு வீடாகக் கேரல், சாமித்தோப்பில் அய்யாவழிக்காரர்களின் உச்சிப்படிப்பு, தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் ராத்திரி முழுக்க ஞானப்புகழ்ச்சி. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் காதில் ஏதோ ஒன்று ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. அதைத் தோண்டினால் போதும்.

இனி நீட்டுவது. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வருஷம் ஜூலையில் ஒரு பையன் வந்தான். குளச்சல்காரன், பதினொரு வயது. அவன் சித்தி வீடு எங்கள் தெருவில். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகக்கூடாது அல்லவா, அதனால் அவன் அப்பா வீட்டில் இருந்தார். மற்ற மாதங்களில் அவர் வருவதும் போவதும் இவன் தூங்கும் நேரத்தில். இந்த 61 நாளும் அவனுக்குத் திருவிழா. கரையில் உட்கார்ந்து அப்பா வலை பொத்தும்போது இவன் நூல் எடுத்துக் கொடுப்பானாம். அதைப் பற்றித்தான் பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரி, "வலை இழு அப்பா வலை இழு". ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்திருந்தான். அந்த மெட்டில் முதல் சுரம் நன்றாக நீளும்.

பாடினான். "வாஆஆலை இழு அப்பா, வாஆஆலை இழு."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அப்பா எந்த மாட்டின் வாலை இழுக்கிறார் என்று கேட்டாள் ஒருத்தி. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் வலைன்னுதானே எழுதியிருக்கேன் அக்கா" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினான். எழுதினது சரிதான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பார்கள். மாத்திரை என்றால் ஒரு கைநொடி நேரம், கண் இமைக்கிற நேரம். அன்றைக்கு அந்தப் பாடம் உயிரோடு வந்து நின்றது. மெட்டு நீளும் இடத்தில் குறிலை வைத்தால் அது நெடிலாகிவிடும், சொல்லே மாறிப்போகும். மலை மாலையாகும், படம் பாடமாகும், முட்டை மூட்டையாகும். வேகமாக ஓடும் இடத்தில் நெடிலை வைத்தாலும் ஆபத்துதான், வீடு விடு என்று ஆகிவிடும். அன்றைக்குப் பாதி வகுப்பு இதிலேயே போயிற்று. ஆளுக்கு ஒரு சொல் கண்டுபிடித்து நீட்டிப் பார்த்தார்கள். கல், கால். எடு, ஏடு. கொடு, கோடு.

அப்புறம் பையனிடம் கேட்டேன், அப்பாவைக் கூப்பிட வேண்டுமானால் எப்படிக் கூப்பிடுவாய்? "வாங்கப்பா." அதில் "வா" நீளமா குட்டையா? யோசித்தான். ஒருமுறை வாய்க்குள் முனகினான். பிறகு சத்தமாகப் பாடினான்.

வாங்க அப்பா வலை இழுக்க

நீளும் சுரத்தில் "வா" போய் உட்கார்ந்துவிட்டது. "வலை" நடுவில் குட்டையாக, வலையாகவே இருந்தது. "வா"வுக்கு "வ" மோனையும் தானாக அமைந்தது. இதை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு நாளில் மறந்திருப்பான். வாலை இழுத்ததால் மறக்கவே மாட்டான்.

சினிமா மெட்டை எடுத்து வரி மாற்றுவதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. மெட்டைத் தன்னானே என்று பாடிக்காட்டி, அதற்குள் சொல் நிரப்புவது சினிமாவில் அன்றாடம் நடக்கும் வேலை. அதைத் தத்தகாரம் என்பார்கள். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களிலும் தலைப்புக்குக் கீழே "வர்ணமெட்டு" என்று போட்டு இன்ன பாட்டு மாதிரி பாடவும் என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் தொடங்கும் பிள்ளைக்கு அது மூன்றாவது நாலாவது பாட்டில் வரட்டும். முதலிலேயே அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பழகினால் தன் தோள் அகலம் எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

சொந்தமாக மெட்டுப் போடும்போது ஐந்து சுரம் போதும். நாங்கள் மோகனத்தில் தொடங்குவோம். ச ரி க ப த. எங்கே போய் நின்றாலும் காதுக்கு உறுத்தாது. சுருதி பிள்ளையின் தொண்டைக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும், பெரியவர்கள் நமக்கு வசதியான சுருதியில் பாடவைத்துவிடுகிறோம். ஒரு வரி ஒரு மூச்சில் முடிய வேண்டும். அப்புறம், மெட்டு தோன்றின உடனே போனில் பதிந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் தெருமுனை தாண்டுவதற்குள் காணாமல் போகும்.

பல்லவியை முதலில் எழுதச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் திணறுகிறார்கள். சரணத்தை எழுதவிட்டு, எந்த வரியை அவர்களே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று பாருங்கள். அதைத் தூக்கி மேலே வைத்தால் பல்லவி. அனுபல்லவியை ஒரு வருஷம் மறந்துவிடலாம்.

வில்லுப்பாட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். அதில் தலைமைப் பாட்டுக்காரர் ஒரு வரி பாடினதும் கூட இருப்பவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்து ஆமாம் போட்டுத் திருப்பிப் பாடுவார்கள். கேட்பவர்களுக்கு அது அழகு. பாடுகிறவருக்கு அடுத்த வரியை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு மூச்சு அவகாசம். அப்பா சொல்வார், பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் குடம் பேச வேண்டும் என்று. ஒரு பிள்ளை தன் பாட்டைப் பாடும்போது மற்ற ஏழு பேரும் பின்பாட்டுப் பாடுவது எங்கள் வழக்கம். கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய தைரியம்.

எதுகையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆங்கில ரைம்ஸ் படித்து வரும் பிள்ளைகள் வரியின் கடைசியில்தான் ஓசை ஒத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். வந்தான், நின்றான், சென்றான், தின்றான். நம் மொழியில் வினைச்சொல் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும், அதனால் இந்த இயைபு உழைக்காமலே கிடைக்கும். உழைக்காமல் கிடைப்பதால் காதும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. தமிழுக்கு ருசி வரியின் தலையில். இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும், முதல் எழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில். "பாட்டு"க்கு "வீட்டு" சேரும், "கட்டு" சேராது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் இந்த இரண்டாம் எழுத்து அழகு உண்டு, துவிதீயாட்சரப் பிராசம் என்று பேர். அதனால் விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

இதை நான் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தும் ஒரு தப்புச் செய்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

குலசேகரம் பக்கம் ஒரு பெண்பிள்ளை, பத்து வயது. அவள் தாத்தா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். வெயில் ஏறுமுன் மரம் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் எழுதினாள்:

பாட்டா பாட்டா எங்க போறிய?
காட்டுப் பாதையில் கத்தியைத் தீட்டி
ரோட்டில் வெளிச்சம் இல்லியே பாட்டா
வீட்டில் இருந்தால் ஆகாதா?

கையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள், வரிக்கு நாலு தட்டு. பாட்டா, காட்டு, ரோட்டில், வீட்டில். நாலு வரியிலும் தலையில் நெடில், அடுத்து அந்த "ட்". எதுகை என்ற சொல்லையே அவளுக்கு நான் அதுவரை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தினமும் அவள் வாயில் வரும் சொல் ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

பள்ளிக்கூட விழாவில் பாடப்போகிறேன் என்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வருவார்கள், பாட்டா என்றால் செருப்பு என்று நினைப்பார்களோ, "போறிய" என்றால் பிழை என்பார்களோ. நானே பென்சிலை எடுத்து "தாத்தா தாத்தா எங்கே போகிறீர்?" என்று மாற்றினேன். "இல்லியே"யை "இல்லையே" ஆக்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முகம்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். முதல் வரியிலேயே தடுமாறினாள். "தாத்தா"வில் தொடங்கி "காட்டு"க்குப் போக வழியில்லை. த்திலிருந்து ட்டுக்குத் தாவ வேண்டும், நடுவில் பாலம் இல்லை. "போகிறீர்" நாலாவது தட்டுக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மூன்றாம் வரியில் பழக்கத்தில் "பாட்டா" என்றுதான் வாயில் வந்தது, உடனே தப்பென்று நினைத்து நிறுத்திவிட்டாள். கைதட்டினார்கள். அவள் இறங்கி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பாட்டில் என் கை பட்ட இடம் மட்டும்தான் உடைந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் சொன்னேன், நான் மாற்றினது தப்பு மக்களே, உன் வரிதான் சரி என்று. "தாத்தா"வை அடித்துவிட்டு மேலே "பாட்டா" என்று பெரிதாக எழுதினாள். அன்றிலிருந்து பிள்ளைகளின் நோட்டில் நான் பென்சில் வைப்பதில்லை. கேள்வி கேட்பேன், தட்டிக்காட்டுவேன், பாடவைப்பேன். எழுதும் கை அவர்களுடையது.

கதை அதோடு முடியவில்லை. போன மாதம் அவள் பாட்டாவே கடைக்கு வந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது, திருப்பித் தைக்கணும். "என்னப் பத்திப் பாட்டுக் கட்டியிருக்காளாமே" என்றார். பேத்தி கதவோரம் நின்று பாடினாள். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "எல்லாம் சரி. ஆனா காட்டுல போயி எவன் கத்தி தீட்டுவான்? ராத்திரியே தீட்டி வச்சிட்டுத்தான் படுப்பேன் மக்களே. மொட்டைக் கத்திய கொண்டு போனா மரம் பாழாப் போகும்."

அவளுக்கு வெட்கமும் யோசனையும். "தீட்டி"யை எடுத்தால் உள்ளே இருக்கும் இன்னொரு "ட்ட" போய்விடும் என்று கவலை. பாட்டா சட்டையை வாங்கிக்கொண்டு போனபிறகும் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். காட்டுப், பாதையில், கத்தியை... கத்தியை... அரை மணி நேரம் இருக்கும்.

"அக்கா, கத்தியும் கையுமான்னு சொல்லுவாவல்லா?"

காட்டுப் பாதையில் கத்தியும் கையுமா

நாலு தட்டு சரியாக விழுந்தது. கா, க, கை என்று மோனை மூன்று இடத்தில் வந்து நின்றது. சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறதே என்றேன். "இருட்டுல தனியா போறாவ, அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

இப்போது இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்த "தீட்டி"யை அதன் தலையில் வைத்திருக்கிறாள். "தீட்டின கத்தி தொட்டால் போதும்" என்று ஆரம்பம். பால் சொட்டும் சிரட்டை அதில் எப்படியும் வந்தாக வேண்டும் என்கிறாள். ஆனால் சிரட்டையில் "ட்" மூன்றாவது எழுத்து, வரியின் தலையில் வைத்தால் எதுகை நிற்காது. கடைசித் தட்டில் வைத்தால் "ரட்" நன்றாக அழுந்துகிறது, ஆனால் அங்கே ஏற்கெனவே "பாட்டா" உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரில் யார் எழுந்திருப்பது என்று சனிக்கிழமை பார்க்க வேண்டும்.